ஏழாம் நம்பர் கண்ணும் என் சம்பளமும்

மைக்ரோஸ்கோப் பூட்டும் வேலையில் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், அன்றைக்கு எவ்வளவு தூசி என்று திருப்பிக் கேட்பதுதான் எங்கள் வழக்கம்.

பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கம்பெனி. பள்ளி, கல்லூரிகளுக்கு மைக்ரோஸ்கோப் பூட்டிக் கொடுப்போம். சர்வே எடுக்கிறவர்கள் மேடு பள்ளம் அளக்கும் லெவல் கருவிகளைப் பழுது பார்ப்போம். மொத்தம் பத்தொன்பது பேர், அதில் பதினாறு பேர் பெண்கள். நான் கல்லங்குறிச்சியிலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறிப் போகிறவள். பதினேழு வருடமாகப் போய் வருகிறேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் யாராக இருந்தாலும், தையல் மிஷினோ முந்திரி உடைப்போ, நீங்கள் எனக்குச் சொந்தம்தான். படித்துப் பாருங்கள், உங்கள் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

கை வேர்க்குமா?

வேலைக்குச் சேரப் போன அன்று என் சர்டிபிகேட்டை யாரும் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் ராஜேந்திரன் சார் ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு நில்லும்மா" என்றார். பிறகு அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என் விரல் லேசாகத்தான் பதிந்திருந்தது. "கை வேர்க்கலை. லென்ஸ் டேபிள்" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

எங்கள் கம்பெனியில் மூன்று டேபிள். இரும்பு உடம்பைத் திருகிப் பூட்டுவது பாடி டேபிள். லென்ஸைத் துடைத்து உள்ளே உட்கார வைப்பது லென்ஸ் டேபிள், அதற்குச் சம்பளம் கொஞ்சம் கூட. எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று கண் வைத்துப் பார்த்து இறுக்குவது அலைன்மென்ட் டேபிள். அதற்கு மாதம் மூவாயிரம் தனி அலவன்ஸ், சில வருடம் கழித்து நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்கு மேல் ஆசைப்பட எங்களுக்கு வேறு டேபிள் இல்லை.

எனக்கு முன்னால் நின்ற பெண் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். பாவம், அவள் உள்ளங்கை ஈரப் பஞ்சு. கண்ணாடித் துண்டில் அஞ்சு விரலும் ரேஷன் கடை மிஷினில் வைத்ததைப் போல் அச்சாக விழுந்திருந்தது. அவளுக்குப் பாடி டேபிள்தான் கிடைத்தது. பிளஸ் டூ படித்த எனக்கு அவளைவிட எழுநூறு ரூபாய் கூட. முதல் சம்பளத்தன்று அவள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வருஷம் லென்ஸைப் பத்தியே படிச்சேன்க்கா. உங்க உள்ளங்கைக்கு இருக்கிற மதிப்பு என் சர்டிபிகேட்டுக்கு இல்ல பாருங்க."

வெங்காயத் தோலில் ஒரு சிவப்பு

எங்களுக்குப் பூ கிடையாது, பவுடர் கிடையாது, கண்ணாடி வளையல் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மண்டபத்துக்குள் பளபளவென்று போவார்கள், அதே சந்தில் நாங்கள் மொட்டை நெற்றியோடு போவோம். காரணம், பூட்டிய பீஸுக்குள் ஒரு துகள் இருந்தால் அந்தப் பீஸுக்குக் காசு இல்லை. வாடிக்கையாளர் வரை போய்த் திரும்பி வந்தால் காசு இல்லாததோடு, பிரித்துத் துடைக்கும் நேரமும் நம் தலையில்தான்.

ஸ்ரீராம நவமி சமயம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெரியும். நானும் விடிகாலையில் சாமி கும்பிட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று குங்குமத்தைச் சரியாகத் துடைக்காமல் பஸ் ஏறிவிட்டேன். ஒரே ஒரு பொடி, ஐபீஸுக்குள் விழுந்திருக்கிறது. நம் கண் வைக்கிற மேல்குழாய்தான் ஐபீஸ். அதற்குள் விழுந்தது எதை வைத்துப் பார்த்தாலும் அதன் மேலேயே தெரியும். நான் சோதித்தபோது ஓரத்தில் ஒளிந்திருந்ததோ என்னவோ, பாஸ் ஆகிப் போய்விட்டது. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போன பீஸ் அது.

பத்து நாளில் அந்தப் பள்ளி டீச்சர் போன் செய்தார். ராஜேந்திரன் சார் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தார். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன். டீச்சர் கோபப்படவில்லை, அழாத குறையாகப் பேசினார்: "பன்னெண்டு புள்ளைங்க வெங்காயத் தோல்ல சிவப்பா ஒரு புள்ளி போட்டு ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சுட்டாங்க சார். அதுக்குப் பேரு என்னன்னு கேக்குதுங்க, நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க."

சுரங்கத்திலிருந்து வந்த லெவல்

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வே எடுக்கும் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறை தன் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார். திறந்தால் உள்ளே மாவு மில்தான். பழுது வேலை எவ்வளவு நேரம் இழுத்தாலும் இரண்டு பீஸ் கணக்குத்தான் எங்களுக்கு. போன வருடம் அவருடையது மூன்றரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் நான் எட்டு மைக்ரோஸ்கோப் பார்த்திருப்பேன்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், "இதுக்கு உங்களுக்கு என்னம்மா கிடைக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். உடனே எழுந்து போய், டேபிளில் இருந்த எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். எண்ணெய்க் கை லென்ஸில் படக்கூடாது என்று பஜ்ஜியைத் தொடாமல் வைத்துவிட்டோம். அது அவருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

அப்போதுதான் கடுகளவு திருகாணி ஒன்றைக் கழற்றினேன். அது எந்த அளவு என்று பார்க்க இடுக்கியைக் கண்ணிலிருந்து தள்ளி, தள்ளி, முழங்கை நிமிரும் வரை கொண்டுபோனேன். நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சூப்பர்வைசர் காதில் விழாமல் குனிந்து சொன்னார்: "நானும் நாப்பத்தி மூணு வயசுல இப்படித்தான் நீட்டி நீட்டிப் பாத்தேன். ஒரு நாள் கை நீளம் பத்தாமப் போயிரும்மா, சீக்கிரம் கண்ணாடி வாங்கிருங்க."

சோற்றில் கல்

கண்ணாடி வாங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்கு அலைன்மென்ட் டேபிள் கிடையாது என்பது எங்கள் கம்பெனி சட்டம். எழுதி ஒட்டியதில்லை, நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த சந்திரா அக்கா மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தங்கக் கலர் ஃபிரேமில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "எப்படிடி இருக்கு?" என்று எல்லோரிடமும் காட்டினார். திங்கட்கிழமை பேக்கிங்கில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். மூவாயிரம் போனது போனதுதான்.

அந்த மூவாயிரம் எனக்கு என் மகள் கவிதாவின் ஹாஸ்டல் பணம். திருச்சியில் நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் முடிக்கும் வரைக்காவது என் கண்ணை மறைத்தாக வேண்டும். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, 'வெளிச்சம் சரியில்ல' என்று சமாளிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியும் இந்தப் பாடு. திருகாணியை விரலால் தடவியே அளவு கண்டுபிடித்தேன். லென்ஸில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியை மறைத்து வைத்துச் சம்பளச் சீட்டைப் படித்தேன். பீஸுக்குள் கண் வைத்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, வெளியே தலையை எடுத்தால்தான் கலங்கல். அதனால் தலையை எடுக்காமலேயே வேலை பார்த்தேன். 'என்னா ஒரு பொறுப்பு' என்று ராஜேந்திரன் சார் மற்றவர்களிடம் என்னைக் காட்டினார். நான் குற்ற உணர்ச்சியில் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டேன்.

சாப்பாட்டிலும் ஒளித்து வைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுச் சாப்பாடு. அதில் ஒரு நாள் கடக்கென்று சத்தம். வாயிலிருந்து கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரு ஒலகத்துக்கெல்லாம் கிருமி பாக்கிற மிஷினு பூட்டுற. வூட்டுச் சோத்துல இம்மாம் பெரிய கல்லு தெரியலயா ஒனக்கு?"

திரும்பி வந்த முப்பது பெட்டி

ஐபீஸுக்குள் மெல்லிய முள் ஒன்று இருக்கும். 'முள் நுனியில் இருக்கிறது பார்' என்று ஆசிரியர் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. அந்த முள் உட்காரும் வளையத்தை உள்ளே வெளியே திருகி, தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி ஒட்டுவது எங்கள் டேபிள் வேலை. எங்களுக்கு வேறு கருவி கிடையாது, எங்கள் கண்தான் கருவி. யார் ஒட்டினாரோ அவர் நம்பர் குழாயின் உள்பக்கம் இருக்கும். என் நம்பர் ஏழு. என் அருகில் இருக்கும் திவ்யாவுக்குப் பன்னிரண்டு. அவளுக்கு வயது இருபத்திரண்டு, கண் கழுகுக் கண்.

ஒரு கல்லூரிக்கு அனுப்பிய முப்பது பெட்டியும் மொத்தமாகத் திரும்பி வந்தன. கூடவே அந்தக் கல்லூரிப் பேராசிரியரும் வந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. "பசங்க பாத்தா முள்ளு நல்லாத் தெரியுதுங்கிறாங்க. நான் பாத்தா மசமசன்னு இருக்கு" என்றவர், சுற்றிலும் எங்களைப் பார்த்துவிட்டு, "இதைப் பூட்டினவங்க வயசு என்ன?" என்று கேட்டார். இனிமேல் மறைத்தால் இன்னும் எத்தனை பெட்டி திரும்புமோ என்ற பயத்தில் எழுந்து நின்றேன். "நாப்பத்தஞ்சு சார். என் கண்ணுதான் போயிருச்சு. வெள்ளெழுத்து. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ராஜேந்திரன் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மனதுக்குள் மகளை ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு கூட்டி வந்துவிட்டேன்.

பேராசிரியர் ஒரு ஐபீஸைக் கழற்றினார். உள்ளே பன்னிரண்டு. இன்னொன்று, பன்னிரண்டு. பத்துக் கழற்றினார், பத்தும் பன்னிரண்டு. திவ்யா முகம் வெளுத்துவிட்டது. "உங்களோடது ஒண்ணு குடுங்க" என்று என் டேபிளிலிருந்து வாங்கிப் பார்த்தார். முள் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே அடுத்தது, அடுத்தது. பிறகு சிரித்துக்கொண்டே விளக்கினார். இள வயதுக் கண், முள் எங்கே இருந்தாலும் தானாக இழுத்துப் பிடித்துத் தெளிவாக்கிவிடுமாம். அதனால் எங்கே நிறுத்தினாலும் திவ்யாவுக்குச் சரியாகத்தான் தெரியும். என் கண்ணால் அப்படி இழுக்க முடியாது. முள் சரியான இடத்துக்கு வந்தால்தான் எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும். அவர் ராஜேந்திரன் சார் பக்கம் திரும்பினார்: "வெள்ளெழுத்து வந்தவங்களத்தான் சார் இந்த டேபிள்ல உக்கார வைக்கணும். அவங்களையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

மறு மாதச் சம்பளம்

சந்திரா அக்கா மறு வாரமே பேக்கிங்கிலிருந்து எழுந்து வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார். மூன்று வருட அலவன்ஸ் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பெரம்பலூரிலேயே ஒரு கண்ணாடி வாங்கினேன். திருகாணி எல்லாம் திருகாணியாகவே தெரிகிறது. கவிதாவுக்கு ஹாஸ்டல் பணம் தேதி தவறாமல் போனது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆனால் திவ்யாவை லென்ஸ் டேபிளுக்கு இறக்கிவிட்டார்கள். மூவாயிரம் போச்சு, முப்பது பீஸ் காசும் பிடித்தம். ஸ்கூட்டிக்குத் தவணை கட்டுகிற பெண். எனக்குச் சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. "அவ தப்பு இல்ல சார், வயசுதானே சார் காரணம்" என்று ராஜேந்திரன் சாரிடம் போய் நின்றேன். சந்திரா அக்காவும் கூட வந்து நின்றார். சார் பிடித்தத்தைப் பாதியாகக் குறைத்தார். கண் இல்லாமல் அளந்து காட்ட ஒரு கருவி இருக்கிறதாம், அதை வாங்கினால் யாரும் எந்த டேபிளிலும் உட்காரலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கும் 'பார்க்கலாம்'தான்.

மத்தியானச் சாப்பாட்டில் திவ்யா என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலை சுற்றுகிறது என்று கழற்றினாள். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, விளையாட்டில்லாமல்தான் கேட்டாள்: "அக்கா, எனக்குக் கண்ணு கெடறதுக்கு இன்னும் எத்தன வருஷம்க்கா ஆவும்?"

ஆக, கூட்டிக் கழித்துப் பார்த்தால், எங்கள் தொழிலில் வயது ஏறினாலும் சம்பளம் குறையும், ஏறாவிட்டாலும் குறையும்.