நேராப் போங்க, அங்க கேளுங்க

எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் எலீஹியோவிடம் வழி கேட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவர் ஒருவரைக்கூட இந்த அறுபத்திரண்டு வயதுக்குள் நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் வழி கேட்டுவிட்டு முகம் வாடிப் போனவரையும் பார்த்ததில்லை. கேட்டவரின் தோளில் கை வைத்து, நடுத்தெரு வரை கூட்டிக்கொண்டு வந்து, கையை நீட்டி, "நேராப் போங்க. மூணு தெரு தாண்டி இடது பக்கம் திரும்புங்க. அங்க கேளுங்க" என்பார். மருந்துக் கடையைக் கேட்டாலும் இதுதான், பல் டாக்டரைக் கேட்டாலும் இதுதான். வந்தவர் ஆயிரம் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அரை மணி கழித்து வியர்த்து வழிய அதே வழியாகத் திரும்பி வருவார்.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. மெரிடா நகரத்தில், அதிலும் எங்கள் சந்தியாகோ பேட்டையில், வழி கேட்டு வந்தவரைத் "தெரியாது" என்று வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை. தாகம் என்று வந்தவரிடம் தண்ணீர் இல்லை என்பது மாதிரி. நானும் எத்தனையோ பேரை அலைய விட்டிருக்கிறேன். ஆனால் நானெல்லாம் எப்போதாவதுதான். எலீஹியோ நாள் தவறாமல் செய்தார்.

சாவி வெட்டும் கடை அவருடையது. தும்மல் முனையில் இருந்தது. எங்கள் ஊரில் தெருவுக்கு எண்தான், முனைக்குத்தான் பெயர். கைக்குட்டையை மூக்கில் வைத்த ஓர் ஆளின் படம் போட்ட பலகை அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. யார் தும்மினார், எதற்குத் தும்மினார் என்று எலீஹியோவைக் கேட்டால், கேட்கிற ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒரு கதை வரும்.

அந்தக் கடை வாசலில்தான் முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் டெல்மீரா வந்து நின்றாள். வயதோலித் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் ஒரு பெட்டி. சித்தி வீட்டைத் தேடினாள். பச்சைக் கதவு போட்ட வீடு என்று கேட்டாள். அந்தப் பச்சைக் கதவு அவர் கடையிலிருந்து பன்னிரண்டே எட்டுத் தூரம். எலீஹியோ அவள் முகத்தைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது: "நேராப் போங்க, மூணு தெரு தாண்டி இடது பக்கம்..." அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று தெரு தாண்டினால் இடது பக்கம் ஒன்றும் கிடையாது. பழைய கன்னிமாடத்தின் நெடுஞ்சுவர்தான். சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். இந்த முறை வலது பக்கம் அனுப்பினார். மறுபடியும் வந்தாள். அப்போதுதான் மனிதர் கடையைப் பூட்டிவிட்டு, அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, கூடவே நடந்தார். பன்னிரண்டு எட்டு. எதிர்ச் சாரியில் மக்காச்சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நான் இத்தனையையும் பார்த்தேன். வேண்டுமென்றே செய்ததாக டெல்மீரா சொல்வாள். பழக்க தோஷம் என்று அவர் சொல்வார். எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். அந்தச் சித்தி வீட்டிலேயே குடித்தனம். அந்த இரண்டு வருடமும் டெல்மீரா வேறு ஒருவருக்காகக் காத்திருந்தாள் என்பது பேட்டைக்கே தெரியும். பல்தசார் என்று பெயர். அவள் ஊர்க்காரர். வெராக்ரூஸுக்குக் கப்பல் வேலைக்குப் போகும்போது, திருவிழாவுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன் என்றாராம். சித்தி வீட்டு விலாசத்தை இவள் எழுதி அனுப்பியிருந்தாள். இரண்டு திருவிழா போயிற்று. ஆள் வரவில்லை. பெயர் மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சுவரில் ஆணி அடிக்க எலீஹியோ நாளைக் கடத்தினால், "பல்தசாரா இருந்தா இந்நேரம் வீட்டையே கட்டி முடிச்சிருப்பான்" என்பாள் டெல்மீரா. ரேடியோ பழுதானால் பல்தசார். மழை ஒழுகினால் பல்தசார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஒரே ஒரு தடவை, ரொட்டி வாங்க வந்தவர், துணியில் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏன் நெல்பா, அந்த ஆள் நல்ல உயரமா இருந்திருப்பானோ?" நான் இன்னொரு ரொட்டியைச் சேர்த்து வைத்தேன். எலீஹியோ ரொம்பக் குட்டை.

போன வருடம் கை நடுக்கம் வந்து, கடையை மருமகனிடம் விட்டுவிட்டார். வீட்டில் தொங்குமஞ்சத்தில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் இளைத்தே போய்விட்டார். அந்த நேரத்தில்தான் பழைய பேட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக நகராட்சி எங்கள் பூங்காவில் ஒரு மரக் கூண்டு வைத்தது. உள்ளே உட்கார்ந்து வழி சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். வான நீலத்தில் ஒரு சட்டை தருவார்கள். மார்பில் "என்னைக் கேளுங்கள்" என்று வெள்ளை நூலில் தைத்திருக்கும்.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் எலீஹியோவுக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்வது! முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார். பொறுப்பிலிருந்த மரிக்ரூஸ் சின்னப் பெண்தான், ஆனால் கறார். "ஒரு வாரம் பாக்கறேன், தோன் எலீஹியோ. அப்புறந்தான் சட்டை. தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா 'தெரியாது'ன்னு சொல்லிட்டு வரைபடத்தைப் பாருங்க. அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதானாம்! சனிக்கிழமைக்குள் அருங்காட்சியகம் கேட்ட தம்பதி கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். சாக்லேட் கடை கேட்ட நான்கு பிரெஞ்சுப் பெண்கள் டயர் பஞ்சர் கடைக்குப் போய்விட்டு வந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். மரிக்ரூஸ் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையோடு கடைசி என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரை என் கடையில் உட்கார வைத்தேன்.

"சொல்லுங்க பாப்போம். தெ-ரி-யா-து."

"தெரி..." என்றார். "தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

"ஐயோ! நான் வழி கேக்கறேன். ஏங்க, நிலாவுக்கு எப்படிப் போறது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு துடித்தது. "மொதல்ல நேராப் போங்க" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவரும் சிரிக்கவில்லை. "சட்டை போச்சு நெல்பா. திரும்ப அந்த மஞ்சத்துல போய்ப் படுக்கணும்" என்றார். கூடப் பிறந்த அண்ணனைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். அவருக்குக் குடிக்கப் புளிப்பு ஆரஞ்சுச் சாறு கொண்டுபோனேன். மரிக்ரூஸ் கூண்டுக்குப் பின்னால் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். அப்போது ஒரு பெரியவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி. நல்ல உயரம்.

"வணக்கம். ஒரு பழைய சிநேகிதியப் பாக்கணும். டெல்மீரான்னு பேரு. தும்மல் முனை, பச்சைக் கதவு" என்று ஒரு மஞ்சளேறிய காகிதத்தை நீட்டினார்.

எலீஹியோ காகிதத்தைப் பார்த்தார். டெல்மீராவின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன?

"நீங்க யாருன்னு..."

"பல்தசார். வெராக்ரூஸ்லேருந்து வர்றேன். கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

நான் டம்ளரைக் கூண்டின் விளிம்பில் வைத்தேன். எலீஹியோவின் வாய் திறந்தது. நேராப் போங்க என்றுதான் வரும் என்று நினைத்தேன். உலகத்திலேயே அவருக்குச் சரியாக வழி தெரிந்த ஒரே வீடு அது.

"தெரியாது" என்றார்.

பெரியவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு, பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். பின்னாலிருந்து மரிக்ரூஸ் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அடேங்கப்பா! சொல்லிட்டீங்களே! இத ஒண்ணத்தான் கேட்டேன்!" நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் அவர் கையில் வைத்தாள். அவள் போன பிறகும் அவர் அதைப் பிரிக்கவில்லை.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "அம்பது வருஷமா தெரியாததுக்கெல்லாம் வழி சொன்னீங்க. தெரிஞ்ச ஒண்ணுக்குப் போய்..."

"அவ நாள் தவறாம சொல்ற பேரு நெல்பா. நிஜமாவே வந்து நிக்கறான். ஆளும் உயரம்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "கூட்டிட்டுப் போயிடறேன். அவளே முடிவு பண்ணட்டும்."

இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார். பழக்காரியைக் கேட்டாராம்: தொப்பி போட்ட பெரியவரைப் பார்த்தாயா? "ஓ, நேராப் போனாரே, மூணு தெரு தாண்டி." ஓடினார். இரட்டைப் புறா முனையில் செருப்புக் கடைக்காரர்: "இப்பத்தான் இடது பக்கம் போனார். அங்க கேளுங்க." ஊமைக் கிணற்று முனையில் போலீஸ்காரர் வேறு பக்கம் கை நீட்டினார். ஒருவரும் அந்த ஆளைப் பார்த்தே இருக்கவில்லை. எல்லோரும் மரியாதைக்குச் சொன்னதுதான். பிறந்து வளர்ந்த பேட்டையில் எலீஹியோ வழி தவறி, நான் சிறுவயதில் படித்த பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய் நின்றாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை எல்லா வீட்டிலும் கறுப்புப் பீன்ஸ் போட்ட பன்றிக்கறிதான். இரண்டு மணிக்குச் சூடான ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் போனபோது டெல்மீரா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். எலீஹியோ பின்னாலேயே வந்தார், சட்டையெல்லாம் நனைந்து, முகம் செத்து.

"ஏய் கிழவா, நீலச் சட்டை கிடைச்சுதா? காட்டு."

அவர் அதை மேசையில் வைத்தார். உட்காரவில்லை. "கிழவி, இது தப்பு வழியில வந்த சட்டை. பல்தசார் வந்திருக்கான். உன்னக் கேட்டான். தெரியாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் தேடினேன், கிடைக்கல. மன்னிச்சுடு."

டெல்மீரா கத்தியை வைத்தாள். நான் ரொட்டித் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க வந்தான்" என்றாள். "பன்னெண்டு மணிக்கு. வாசல் கழுவிட்டிருந்தேன். பச்சைக் கதவு எதுங்கன்னான்."

போன கோடையில்தான் கதவுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"அவன் குரலக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நேருக்கு நேர் நின்னு என் மூஞ்சியப் பாத்து, 'டெல்மீரா எங்க இருக்கா அம்மா?'ன்னு என்னையே கேக்கறான் கிழவா! என்ன சொல்றது? நேராப் போங்க, மூணு தெரு தாண்டி இடது பக்கம் திரும்புங்க, அங்க கேளுங்கன்னேன்."

எலீஹியோவுக்கு ஆச்சரியத்தை விடத் தொழில்தான் முதலில் வந்தது. "அங்க இடது பக்கம் வழியே இல்லையே. கன்னிமாடத்துச் சுவர்தானே இருக்கு."

"தெரியாதா எனக்கு? மொத நாளே பெட்டியோட அந்தச் சுவத்துல போய் நின்னவதானே நான்" என்றாள் டெல்மீரா. கறியை அவர் தட்டில் போட்டாள், கொழுப்புத் துண்டாகப் பார்த்து. "நான் ரெண்டு தடவ திரும்பி வந்தேன். ரெண்டு மணி ஆச்சு. அவன் ஒரு தடவகூடத் திரும்பி வரல, பாத்தியா?"

அவர் உட்கார்ந்தார். அவள் அந்த நீலச் சட்டையைப் பிரித்து, ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தைக்குப் போடுவது போலப் போட்டு, பொத்தான்களையும் அவளே மாட்டினாள். சட்டைக் கை அவருக்கு ஒரு சாண் நீளம் அதிகம். மடித்துவிட்டாள்.