மேயர் கடித்த பஞ்சுமிட்டாய்

மேடிசன் ஆற்றங்கரை ஊர்களில் பாதிப் பேர் மீன்பிடிக்காரர்கள், மீதிப் பேர் அவர்களைக் கேலி செய்கிறவர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டா ஸ்காரை மட்டும் இரண்டு கூட்டமும் சேர்ந்து கேலி செய்தது. காரணம், அவள் கட்டிய ஈக்கள்.

ட்ரவுட் மீனுக்கு அங்கே புழு கோத்துப் போட மாட்டார்கள். அன்றைக்கு ஆற்றின் மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ, அதே அச்சில் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய் ஈ ஒன்றைக் கட்டி மிதக்கவிடுவார்கள். பழுப்பு, சாம்பல், மிஞ்சினால் அரிசிமணி அளவு. லொரெட்டாவோ கிழிந்த பேருந்து இருக்கையின் பஞ்சு, சிப்ஸ் பொட்டலத்தின் வெள்ளித்தாள், கிறிஸ்துமஸ் மரத்து ஜிகினா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றுவாள். “இது எந்தப் பூச்சி மாதிரியும் இல்லியே” என்று யாராவது கேட்டால், “ஆமா, இல்ல” என்பாள். அப்படியும் மீன்கள் கடித்தன. ஏன் கடிக்கின்றன என்பது அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் முதல் மீனைப் பார்ப்பவள் போல வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

செப்டம்பரில் ‘ஒற்றை ஈ’ போட்டி நடக்கும். காலையில் எடுத்த ஒரே ஈயோடு மாலைவரை ஒப்பேற்ற வேண்டும். அது கிளையில் சிக்கிப் போனாலும் ஆட்டம் முடிந்தது. எதிரெதிர் அணிக்காரர்கள் இருவரை ஒரே படகில் ஏற்றுவார்கள். ஒருவர் பிடித்ததை மற்றவர்தான் அளந்து சொல்ல வேண்டும். அந்த ஆண்டு லொரெட்டாவோடு ஏறியவர் ஆர்வில் பென்டிக்ஸ், மருந்துக்கடையை விற்றுவிட்டு ஆறே கதி என்று இருப்பவர். அரிசிமணி ஈக்களைத் தவிர வேறெதையும் தொடாதவர்.

லொரெட்டா தன் ஈயை வெளியே எடுத்தாள். ரோஸ் நிறத்தில் பொசுபொசுவென்று, ஜிகினா இழைகள் தொங்க, கட்டைவிரல் பருமனில் இருந்தது. பெயர் பஞ்சுமிட்டாய்.

“ஏம்மா, இது மீன் பிடிக்கவா, இல்ல மீனுக்குப் பொறந்தநாள் கொண்டாடவா?” என்றார் ஆர்வில்.

“உங்களையும்தான் கூப்பிட்டிருக்கு. வாயை மூடிட்டு உக்காருங்க.”

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பழைய பாலத்தடி மடுவில் நெற்றியில் வெள்ளைத் தழும்போடு ஒரு கிழட்டு ட்ரவுட் இருந்தது. ஊரார் அதை மேயர் என்பார்கள்; யார் கேட்டும் எதற்கும் மசியாததால் வந்த பெயர். அதைத் தன் ஈயால் எழுப்ப வேண்டும், ஆர்வில் தன் கையாலேயே அளக்க வேண்டும்.

மடுவில் ஆர்வில்தான் முதலில் வீசினார். ஈ தூசி விழுவது போல விழுந்தது. மேயர் மேலே வந்து, மூக்கால் முகர்ந்து பார்த்துவிட்டு, போய்விட்டது.

பிறகு பஞ்சுமிட்டாய் தொப்பென்று விழுந்தது. ஆர்வில் சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் மடுவின் அடியிலிருந்து ஒரு நிழல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. தண்ணீர் பிளந்தது. மேயர் முழு உடம்பும் வெளியே வர எழும்பி, அந்த ரோஸ் நிறக் கூத்தைக் கவ்விக்கொண்டு விழுந்தது.

வெகுநேரம் இழுத்த பிறகு மீன் வலைக்குள் வந்தது. ஆர்வில் அளவுப் பலகையை நனைத்துத் தயாராக நின்றார். லொரெட்டா கொக்கியைத் தொட்டாள், அது அசையவில்லை. அடிநாக்கில், செவுளை ஒட்டி மாட்டியிருந்தது.

கொக்கி நுனியில் பின்னோக்கி ஒரு சின்னப் பல் இருக்கும். மீனை நோகாமல் விடுவதற்காக அதைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் இந்த ஆற்றில் வீசுவார்கள். ஜிகினாவைச் சீவிச் சீவி அழகு பார்த்த லொரெட்டா அதை மறந்துவிட்டிருந்தாள்.

“பல்லை நசுக்கலையா?” என்றார் ஆர்வில். குரலில் கேலி இல்லை.

“மறந்துட்டேன். இழுத்தா செவுள் கிழிஞ்சிரும்.”

“தூண்டில் நரம்பை அறுத்தா உன் ஈ போச்சு. இன்னைக்கு அவ்வளவுதான் உனக்கு. அளந்தாவது வச்சுக்கட்டுமா?”

மேயரின் வாய் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அதன் செவுள் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். வாழ்நாளில் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அழகாக எதையும் அவள் கையில் ஏந்தியதில்லை. இதையா கொல்லப் பார்த்தோம் என்று நினைத்தாள்.

“வேணாம் ஆர்வில். வெளிய எடுக்காதீங்க.”

தண்ணீருக்குள்ளேயே தூண்டில் நரம்பை அறுத்தாள். மேயர் கொஞ்சநேரம் அவள் உள்ளங்கையிலேயே கிடந்துவிட்டு, மெல்ல இறங்கிப் போனது.

மாலை விருந்தில் அவள் கணக்கில் ஒரு மீனும் இல்லை. “மேயரே வந்தாராமே, பஞ்சுமிட்டாய் வாங்க?” என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது. ஆர்வில் எழுந்தார். “வந்துச்சு. நான் பார்த்தேன்.” அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிரிப்பு நின்றது. லொரெட்டாவின் காதில் அது ஏறவே இல்லை. அவள் மனம் மடுவில் கிடந்தது.

தினமும் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாலத்தில் போய் நின்றாள். மடு வெறுமையாகவே இருந்தது. செத்த மீன் எதுவும் கரை ஒதுங்கியதா என்று கீழே போய்ப் பார்த்தாள். வீட்டில் ஜிகினாப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிறகொரு காலை, பாலத்துக்கு முன்னால் ஆர்வில் நடுரோட்டில் நின்று பேருந்தை மறித்தார். “இறங்கு. சத்தம் போடாம வா.”

பேருந்திலிருந்த பிள்ளைகளும் சன்னல்களில் அப்பிக்கொண்டார்கள். கீழே தழும்பு விழுந்த நெற்றி ஒன்று மேலே வந்து, மிதக்கும் சின்னப் பூச்சிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சியது. கொக்கி இன்னும் விழவில்லை. வாயோரம் ரோஸ் ஜிகினா மின்னியது. திருவிழாவிலிருந்து திரும்பிய பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது. லொரெட்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கடைசில உங்க அரிசிமணியைத்தான் திங்குது, பாருங்க” என்றாள்.

“அது பசிக்குத் திங்கறது. அன்னைக்கு உன் பஞ்சுமிட்டாயை எதுக்குக் கடிச்சுதுன்னு இத்தனை நாளா யோசிக்கறேன், ஒண்ணும் புரியல.” ஆர்வில் தொப்பியைக் கழற்றி, கோயில் வாசலில் நிற்பவர் போல நீட்டினார்.

“எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு லொரெட்டா. பல்லை நசுக்கிட்டுக் குடு.”