கடலுக்குத் தெரிந்துபோன பெயர்

என் சின்னம்மா பத்மாசினி, என் அம்மாவுக்கு நேர் இளையவள். உத்திரமேரூர் பெரிய கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பம் எங்களுடையது. அவளை உள்ளூரிலேயே, யூனியன் ஆபீசில் பியூனாக இருந்த சுந்தரவரதனுக்குக் கொடுத்தார்கள்.

பெண்சாதி வாயால் புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டினாற்போல. கோயிலில் நிற்கிற பெருமாளுக்கும் அதே பேர்தான். அதனால் தாலி ஏறின நாளிலிருந்து சின்னம்மா சாமி பேரையும் விட்டுவிட்டாள். கோயிலில்கூட "நம்ம சாமி" என்றுதான் சொல்லுவாள்.

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ வருஷம், ஐப்பசி மாசம். சித்தப்பா காமாலையில் படுத்து எழுந்திருந்த நேரம். "சனி ஞாயிறு பட்டணத்துக்கு வாங்க, கடல்காத்து வாங்கினா தெம்பு வரும்" என்று அவருடைய தங்கை கனகா கூப்பிட்டாள். திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவள் அவள். நடந்ததை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை. மேகம் மூடி வெயிலே இல்லை. கடற்கரையில் ஆள் நடமாட்டமும் இல்லை. கட்டுமரத்து ஓரமாக மூன்று பேரும் புளிசோறு தின்றார்கள்.

"அண்ணி, இங்க ஒறமொறை யாரும் இல்ல. எங்கண்ணன் பேரை ஒருவாட்டி சொல்லேன், கேக்கலாம்."

"சொல்லி அவரு ஆயுசைக் கொறைக்கணுமா? போடி அந்தாண்ட."

சித்தப்பா சிரித்தார். "இவ வாயில என் பேரு வந்தா அது இவளே இல்லடி. வேற எதுனா பேயாத்தான் இருக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கை கழுவக் கடலோரம் போனார்.

போனவர் திரும்பவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா எழுந்து, "ஏங்க!" என்றாள்.

"தோ வரேன்மே." ஆனால் திரும்பாமல் முன்னால் ஓரடி வைத்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம்! நான் இங்க கீறேன்!"

"வந்துகினே கீறன், இரு. ஏன் அவ்ளோ தூரம் போன நீ?"

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கூப்பிடக் கூப்பிட அவர் உள்ளே போகிறார் என்று கண்ட சின்னம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போதும் அவர் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

"ஆமாம்மே. தோ, தோ வந்துட்டேன்."

சின்னம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் குரலிலேயே அங்கே எதுவோ கூப்பிடுகிறது. தான் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறது. தன் வாயில் ஒருநாளும் வராத ஒன்றுதான் அதற்குத் தெரியாது. அதைச் சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் ஆயுசே இல்லை. தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது.

"சுந்தரவரதா!"

சித்தப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். கரையில் நின்றவளைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். பிறகு ஓவென்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்து விழுந்தார்.

"நீ அங்க நின்னுகினு இருந்தியே" என்றார், கடலைக் காட்டி. "இதே பொடவை. அலை உன்மேல படவே இல்லம்மே."

அதற்குப் பிறகு சின்னம்மா அவரை வாயால் கூப்பிட்டதே இல்லை. வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவாள். சத்தம் கேட்டு அவர் வருவார்.

மறு ஐப்பசியில் நான் உத்திரமேரூர் போயிருந்தேன். ஏரி நிரம்பி, அவர்கள் வீட்டுப் புழக்கடை வரைக்கும் தண்ணீர் தளும்பியது. சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் எதிரில் சின்னம்மா வாழைநாரைப் பல்லில் கடித்தபடி பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஏரிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சுந்தரவரதா!"

சின்னம்மாவின் குரல்தான். எதிரில் இருந்தவள் வாயிலோ நார்.

சித்தப்பா எச்சில் கையைத் தரையில் ஊன்றினார். சின்னம்மா நாரைத் துப்பிவிட்டுப் போய்ப் புழக்கடைக் கதவைத் தாழிட்டாள். திரும்பிவந்து அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். கூப்பிட்டுகினே கெடக்கட்டும். நீங்க ரசம் ஊத்திக்குங்க."