பெரட்டில் விடுபட்ட பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் நடந்தது. ஆளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு நிரஞ்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் அவனுக்கு வேலை. மலைச்சரிவில் கருவி பொருத்திய கம்பங்கள் நிற்கும். மண் அசைந்தால் ஹட்டன் ஆபீசில் கம்ப்யூட்டர் கத்தும், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் தானாகவே சங்கு ஊதும். கூத்து என்னவென்றால், மாடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டாலும் ஊதும். சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, தொப்பலாக நனைந்து, திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை பொய்யாக ஊதினால் சங்கைக் கழற்றிவிடுவோம் என்று ஒரு தோட்டத்து நிர்வாகம் சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஷாமிலா பொறுப்புக்கு வந்தாள். கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் 'சைட் ரிலையபிலிட்டி' வேலை பார்த்தவள். ஒரு சேவை படுத்துவிடாமல் காவல் காப்பதையே ஒழுங்காகச் செய்கிற முறை அது. எல்லாரும் எந்நேரமும் பதறிக்கொண்டிருக்க வேண்டாம், முறை வைத்து ஒருவர் விழித்திருந்தால் போதும் என்றாள். தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்கக்கூடாது, என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும் என்றாள். கம்பம் கத்தினால் முதலில் அந்தத் தோட்டத்து லயத்தில் இருக்கிற மீனம்மாவுக்கு போன். அவர் எடுக்காவிட்டால் அவர் புருஷன் செல்லசாமிக்கு. அவர்கள் லயத்துப் பின்பக்கத்து மண்வெடிப்பைப் பார்த்துச் சொன்ன பிறகே, ஆபீசில் பொத்தானை அழுத்திச் சங்கு. அதோடு, ஒவ்வொரு கம்பமும் நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கேன்' என்று ஆபீசுக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

"அட, இது நம்ம பெரட்டுல்ல!" என்று சிரித்தான் நிரஞ்சன்.

தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு, ஆள் வந்திருக்கிறதா என்று பார்த்து மலைக்கு அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. அன்றிலிருந்து ஆபீசிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முறை எப்போதும் இவன் தலையில்தான் விழும். மற்றவர்களுக்குக் குடும்பம் இருந்தது. இவனுக்கு இருந்த அம்மாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே கடைகளெல்லாம் பூட்டு. மாடி ஆபீசில் இவன் ஒருவன். 'இருக்கேன்' என்று இவனிடம் சொல்ல அந்தக் கம்பங்களை விட்டால் வேறு நாதியில்லை. பாவமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது?

அன்று மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிட்டது. மழை விடவில்லை. மூன்றரை மணி இருக்கும். நாலாம் கம்பம் பதில் சொல்லவில்லை.

அது நிற்பது மீனம்மாவின் லயத்துக்கு மேலே, ஒரு பழைய இடிந்த அத்திவாரத்தின் பக்கத்தில். பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தான்.

பிறகு பதில் வந்தது. ஒன்று இல்லை. ஒரே நிமிடத்துக்குள் அடுத்தடுத்து... இருக்கேன். இருக்கேன். இருக்கேன். ஒரு கம்பத்தில் ஒரு கூட்டமே நின்று சொல்கிற மாதிரி.

 மீனம்மாவுக்கு போன் எடுத்தான்.

மணி முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

"மீனம்மாக்கா, வெடிப்பு பெருசாயிருச்சாங்க?"

பதில் இல்லை. மழைச் சத்தமும் இல்லை. ஊரெல்லாம் கொட்டுகிற மழை அந்த போனுக்குள் மட்டும் பெய்யவில்லை. நிறையப் பேர் மூச்சுவிடுவது கேட்டது.

"எல்லாரும் பெரட்டுக்கு வந்துட்டோம்," என்றது ஒரு பெண்குரல்.

பிறகு ஒரு ஆண்குரல். பேர் கூப்பிட்டது.

"பழனியாண்டி..."

"இருக்கேன்."

"வீராயி..."

"இருக்கேன்." சின்னப் பிள்ளையின் குரல்.

"ராசம்மா..."

பதில் இல்லை.

"ராசம்மா..."

இல்லை.

"ராசம்மா..."

சப்... என்று சேற்றில் ஒரு கால் வைத்த சத்தம். போனுக்கு ரொம்பக் கிட்டத்தில்.

"நிரஞ்சன்..."

"இருக்கேங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போன் செத்தது.

மீனம்மா ஒன்றும் உறுதி சொல்லவில்லை. ஷாமிலாவின் முறைப்படி சங்கு ஊதக்கூடாது. பொய்யாகப் போனால் அந்த லயத்துக்கு இனிச் சங்கே இருக்காது. 

பொத்தானை அழுத்தினான்.

உடனே செல்லசாமிக்கு எடுத்தான். அந்தப் பக்கம் சங்கு அலறியது, மழை இரைந்தது, சனங்கள் ஓடினார்கள். இவனுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, அங்க ராசம்மான்னு யாராச்சும் இருக்காங்களா?"

"கடைசி வீட்டுக் கெழவிங்க. எந்திரிக்க முடியாது, படுக்கையிலதான் கெடக்குது."

"விட்டுட்டு வந்துறாதீங்க! தூக்குங்கண்ணே!"

தூக்கினார்கள். பள்ளிக்கூட வாசலைத் தொடுவதற்குள் மலை இறங்கியது. பாதி லயத்தைக் காணோம். கடைசி வீடு இருந்த இடத்தில் சேறு. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் ஷாமிலா எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டாள். நிரஞ்சன் போன் பேசியதைச் சொன்னான்.

மீனம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என் போன் சனிக்கெழமையே டவுன்ல நிப்ராஸ் கடையில குடுத்தாச்சே தம்பி. ரிப்பேருக்கு."

ஷாமிலா அங்கிருந்தே நிப்ராசைக் கேட்டாள். பேட்டரியைக் கழற்றி மேசையில் போட்டிருந்தாராம். கடையும் ஞாயிறு பூட்டு.

 மூலையில் பாயில் கிடந்த ராசம்மா அவனைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மேல அந்த அத்திவாரம் இருக்குல்ல, அது எங்க லயம். நான் பாவாடை கட்டுற வயசுல மண்ணுக்குள்ள போயிருச்சு. பழனியாண்டி எங்கப்பா. வீராயி என் தங்கச்சி. அன்னிக்கு நான் மட்டும் அத்தை வீட்டுல இருந்தேன்."

"அவங்கதான் உங்களைக் காப்பாத்தியிருக்காங்க, அம்மா."

"காப்பாத்தவா? பெரட்டுக்கு ஆள் கொறையுதுன்னு நேத்து கூப்பிட வந்தாங்கய்யா. மூணு தடவ என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். பதில் சொன்னா அவங்களோட போயிரணும்."

அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உன்னையும் கூப்பிட்டாங்களா? நீ ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லைங்க," என்றான்.

இதெல்லாம் அவனே என்னிடம் சொன்னது. சொல்லி முடித்து ஒன்று கேட்டுக்கொண்டான். "இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதடா. கூப்பிடுறது நீயா அவங்களான்னு எனக்குத் தெரியாமப் போயிரும்."

அதனால்தான் பெயரை மாற்றினேன். இதை நீங்கள் சத்தமாக வாசித்தாலும் பயமில்லை.

இன்று ஞாயிறு. வெளியே மழை. ஆபீசில் அவன் முறை.

காலையிலிருந்து அவனுக்கு போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது... அவன் எடுக்கவில்லை.