ஒண்டிக்கடை லாட்ஜின் வெப்சைட்

ஏற்காடு ஒண்டிக்கடையில் பக்கீர் முகமது நடத்திய லாட்ஜுக்கு ஆசியா மருமகளாக வந்தது தொண்ணூற்றெட்டில். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். பில் போட வாங்கிய கம்ப்யூட்டரை அவளைத் தவிர அந்த வீட்டில் யாரும் தொடவில்லை. மறுவருடம் லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நோட்பேடைத் திறந்து, எது தலைப்பு, எது பத்தி, படம் எங்கே வரவேண்டும் என்பதையெல்லாம் கோண அடைப்புக்குறிகளுக்குள் கையாலேயே தட்டினாள்.

அதை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. லாட்ஜுக்கு இருந்தது ஒரே டெலிபோன். மோடம் அதைப் பிடித்துக்கொண்டால் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. மே மாதக் கூட்டத்தில், வருடம் தவறாமல் வருகிற கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று லைன் கிடைக்காமல் வேறு லாட்ஜுக்குப் போய்விட்டது.

"ஏங்கண்ணு, ரூம் கேக்கறவங்களுக்கு இல்லாத போனு அந்தப் பொட்டிக்கு எதுக்கு?" என்றார் மாமனார்.

ஆசியா மோடத்தைக் கழற்றி வைத்தாள். எழுதியதைப் பிளாப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஏற்றிவிட்டு வந்தாள்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த தம்பி அமீர் ஜான் அதைப் பார்த்துவிட்டு போன் செய்தான். "அக்கா, தமிழே காணோம். ஏபிசிடியும் புள்ளியும் கோடுமா என்னமோ தெரியுது."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் எழுத்துகளை வைத்திருந்தன. அவள் தட்டிய எழுத்துரு அவனுடைய கம்ப்யூட்டரிலும் இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். விவரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். லாட்ஜின் பெயரை மட்டும் விட மனம் வரவில்லை. அதைத் தமிழில் படமாக வரைந்து, சீக்கிரம் தெரிவதற்காக நிறங்களைக் குறைத்து வைத்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மாமனாரும் அவளோடு சேலம் வந்தார். திரையில் முதலில் பெயர் வந்தது. அதன் கீழே லாட்ஜின் புகைப்படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது.

"பேரு வந்திருச்சு. ஊடு இன்னும் வரலியே?"

"வருதுங்க மாமா. மாடி வந்திருச்சு பாருங்க."

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வாசல்படி வரை வந்தபின் சொன்னார்: "நொம்ப நல்லாருக்குது. வெள்ளையடிச்சுட்டுப் படம் புடிச்சிருக்கலாம்."

ஊர் திரும்பியதும் இன்னொரு டெலிபோனுக்கு எழுதிப் போட்டார். அந்த லைன் வருவதற்குள் ஏற்காட்டின் வேறு சில லாட்ஜுக்காரர்களும் ஓர் எஸ்டேட்காரரும் தங்களுக்கும் ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசியாவைத் தேடி வந்துவிட்டார்கள். சீசனுக்குச் சீசன் வாடகை மாறும்போதெல்லாம், அத்தனை பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவது அவள் பாடாயிற்று.