கண்ணாடியில் வைத்த பொட்டு

எண்பதுகளில் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். தேய்ந்துபோன இரும்புத் தண்டின்மேல் உலோகத்தை உருக்கி, வரிமேல் வரியாகப் படியவைத்து, பழைய பருமனுக்குக் கொண்டுவருவது என் வேலை. கறுப்புக் கண்ணாடி வழியாக உருகும் குழம்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது பரவினால் சூடு அதிகம், சுருங்கினால் குறைவு. வேறு வித்தை கிடையாது.

பிறகு அதைத் தானே செய்யும் மெஷின் வந்தது. சின்ன வட்டக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குழம்பின் வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் குறைந்தால் கரண்டை ஏற்றும், கூடினால் இறக்கும். மீட்டர் முள் பச்சைக் கோட்டில் நின்றால் எல்லாம் சரி. ஓட்டுவது நான். காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது புக்கிட் மேராவிலிருந்து வரும் ஃபிட்டர். தமிழர், கத்தோலிக்கர், காண்டிராக்ட் ஆள்.

ஆயுத பூஜையன்று தேக்கா சந்தையில் வாங்கிய சந்தனத்தைக் குழைத்து மெஷின்களுக்குப் பொட்டு வைத்தேன்.

“இதுக்கு நெத்தி எங்கண்ணே இருக்கு?” என்று ஃபிட்டர் சிரித்தார்.

“கண்ணுக்கு மேல இருக்கும்யா, தேடிப் பாரு லா.”

பொட்டு வழிந்து கண்ணாடியில் இறங்கியது. விரலால் வழித்துவிட்டேன். மறுநாள் அவர் வழக்கம்போல் உலர்ந்த துணியால் துடைத்தார். காய்ந்த சந்தனம் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது இருவருக்கும் தெரியவில்லை.

மெஷினை ஓட்டினேன். முள் பச்சையில் நின்றது. ஆனால் என் கண்ணில் குழம்பு தளர்ந்து பரவியது.

“சூடு ரொம்ப அதிகம்” என்று சீன சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“முள்ளைப் பார். நீ என்ன மெஷினைவிடப் பெரிய ஆளா?” என்று ஆங்கிலத்தில் அதட்டினார்.

எனக்குக் கோபம். எக்கேடாவது கெட்டுப்போ என்று ஓடவிட்டேன். தண்டின் ஒரு பக்கம் மெழுகுபோல் சரிந்து இறங்கியது.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். மஞ்சள் படலம். கலங்கிய கண்ணாடிக்குக் குழம்பு மங்கலாகத் தெரிய, மெஷின் கரண்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது.

“துடைத்தது யார்?”

ஃபிட்டர் கையைத் தூக்கினார். கேட் பாஸைக் கொடுத்துவிட்டு வெளியே போகச் சொன்னார்கள். பொட்டு வைத்தது நான் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மெஷினைக் குறை சொன்னபோது அவ்வளவு சத்தமாக வந்த வாய்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். என்னை மெஷின் ஓட்டும் வேலையிலிருந்து இறக்கினார்கள். வாசலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த ஃபிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூப்பிடப் போனது நான்தான்.

“சொல்லிட்டேன்யா. வா, வேலைக்குப் போவோம்.”

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“நாலு பஸ் போயிருச்சுண்ணே” என்றார். “எதுல ஏறி வீட்டுக்குப் போய் என்னன்னு சொல்றதுன்னே தெரியாம உக்காந்திருந்தேன்.”

என்னை முந்திக்கொண்டு உள்ளே நடந்தார்.