சாம்பல் புறாவுக்குப் போட்ட கம்பு

மதுரையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த சித்தப்பா, எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில் இரண்டு புறாக்களோடும் இரண்டு மரப்பெட்டிகளோடும் எங்கள் ஊரான போடியில் ரயிலிறங்கினார். ஓய்வெடுக்க வருகிறார் என்று அம்மா நினைத்திருந்தாள்.

பெட்டிக்குள் ஒரு பொத்தான். வெள்ளைப் புறா அதைக் கொத்தும்போதெல்லாம் கம்பு விழும். சாம்பல் புறாவுக்கு எப்போதாவதுதான் விழும். பத்து நாள் கழித்து இரண்டுக்கும் கம்பை நிறுத்தினார். வெள்ளை ஒரு காலைப்பொழுது கொத்திவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டது. சாம்பல் விடவில்லை. மூன்றாம் நாளும் கொத்திக்கொண்டிருந்தது. பொறுக்காமல் நான் ஒரு பிடி கம்பைப் போட்டுவிட்டேன்.

சித்தப்பா திட்டவில்லை. நோட்டில் புறாக் கணக்கு எழுதியிருந்த நாலு பக்கங்களைக் கோடு போட்டு அடித்தார்.

"பாவம்னுதான போட்ட ஆத்தா? இனிமே கெடைக்காதுன்னு தெரிஞ்சா அது வேற சோலியப் பாக்கும். இப்ப இன்னும் ரொம்ப நாளு கொத்திக்கிட்டே கெடக்கும்."

அப்பா மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. சில சனிக்கிழமைகளில் இறங்கி வருவார், பல சனிக்கிழமைகளில் வரமாட்டார். பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை. மேலே அவருக்கு வேறு குடும்பம் அமைந்துவிட்டதை வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தார்கள். நான் வாராவாரம், மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவும் கூட வந்தார். கடைசி ஜீப்பும் காலியானதும், ஏறிப் பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். டிரைவரிடம் அப்பாவைக் கேட்டேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார்.

"இங்கனயே நில்லு ஆத்தா, வெரசா வந்துர்றேன்" என்று கடைத்தெருப் பக்கம் போன சித்தப்பா, ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினார். ஊதாவில் மஞ்சள் பூப்போட்ட பாவாடைத் துணி.

"ஒங்கப்பா குடுத்துவிட்டிருக்காரு. முந்தின ஜீப்புல வந்தவுக கடையில வச்சுட்டுப் போயிருக்காக."

"அடுத்த வாரம் வருவாரா சித்தப்பா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருவாரு."

வீட்டில் அம்மா துணியை விரித்துப் பார்த்தாள். "படிச்சவுக, நீங்களே இப்பிடிச் செய்யலாமா தம்பி?" என்றாள். அப்பா தனக்கு ஒன்றும் கொடுத்துவிடாத கோபம் அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அம்மா அதைத் தைத்துக் கொடுத்தாள். அது முழங்காலுக்கு மேல் ஏறும்வரை எல்லாச் சனிக்கிழமையும் அதையே உடுத்திப் போனேன். தான் எடுத்துக் கொடுத்த துணியை அப்பா தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று, கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன்.